குண்டு போன தூரமும் பென்டிரைவ் போன தூரமும்

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு மாடிக் கூடத்தில் சென்ற மாதம் அவர் பேசினார். படைத்துறையிலிருந்து ஓய்வுபெற்றவர், கணினிப் பாதுகாப்பில் ஊறியவர் என்று அறிமுகம் செய்தார்கள். ஒன்றேகால் மணி நேரப் பேச்சு. பேசியதையே பதினாறு பக்கச் சிறு வெளியீடாக அச்சடித்து வாசலில் கையில் திணித்தார்கள். கடலூர் திரும்பும் பேருந்தில் பி.முட்லூர் தாண்டுவதற்குள் படித்துவிட்டேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் கோபம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தின் விளைவு.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு ஆளோடு சண்டை இல்லை, அந்தப் பதினாறு பக்கங்களோடுதான்.

அவர் சொல்வது இதுதான்: ராணுவக் கட்டுப்பாட்டு அறைகளில், அவர்கள் பாஷையில் ‘ஆப்ஸ் ரூம்’களில், டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டுத் தின் கிளையண்ட் வைப்பது வீரனை நிராயுதபாணி ஆக்குவது. புயலில் வயர் அறுந்தால் அறையே குருடாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே சர்வரில் கொட்டினால் எதிரிக்கு வேலை சுலபம். இந்த மூன்றுக்கும் மேல் ஒரு நகைச்சுவை வேறு. தின் கிளையண்ட் என்பது சிதம்பர ரகசியமாம்; திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காதாம். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தின் கிளையண்ட் என்பது டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு பெட்டி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் அதில் மாட்டலாம். ஹார்ட் டிஸ்க் இருக்காது. நாம் தட்டும் எழுத்து வயர் வழியே சர்வருக்குப் போகிறது, வேலை அங்கே நடக்கிறது, திரையில் தெரியவேண்டிய படம் மட்டும் திரும்பி வருகிறது. சுவிட்சை அணைத்தால் அந்தப் பெட்டிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

நான் கடலூரில் இருபது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன். கீபோர்டைத் தட்டி முறுக்குத் தூள் கொட்டியவன். படைத்துறை ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. ஆனால் ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மனிதர்கள் கையில் என்னவாக மாறுகிறது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு அது மேசைமேல் வந்து உட்கார்ந்த பொருள். நான் அதன் வயிற்றைத் திறந்து பார்த்தவன்.

முதலில் புயல். அதைத்தான் அவர் பெரிய துருப்பாக வீசினார். ‘தானே புயலைக் கண்ட கடலூர்க்காரர்களைக் கேளுங்கள், வயரை நம்பலாமா என்று’ என்றார். கேட்கத்தான் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே கரையைக் கடந்தபோது நான் கடலூரில்தான் இருந்தேன். காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அன்றைக்கு முதலில் செத்தது லேன் வயர் இல்லை ஐயா, மின்சாரம். கரண்ட் இல்லாமல் உங்கள் டெஸ்க்டாப் எதில் ஓடும்? வீரத்தில் ஓடுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், அவர் போடவில்லை. மானிட்டரை விட்டுவிட்டால் ஒரு சாதாரண டெஸ்க்டாப் 60 முதல் 100 வாட் வரை இழுக்கும். தின் கிளையண்ட் பத்து, பதினைந்து வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். பத்து மேசை உள்ள சின்ன அறையில், சர்வருக்கு 500 வாட் சேர்த்துக்கொண்டால், பெரிய வித்தியாசம் வராது. இதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். நாற்பது மேசை உள்ள அறையில் டெஸ்க்டாப்புகள் மட்டும் மூவாயிரம் வாட்டுக்கு மேல் கேட்கும். தின் கிளையண்டும் இரண்டு சர்வரும் சேர்த்து அதில் பாதிக்கும் குறைவு. அதாவது அதே ஜெனரேட்டர், அதே டீசல், அதே யுபிஎஸ் பேட்டரி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம். அந்த நாற்பது பெட்டிகள் கக்கும் சூட்டை இறக்க ஓடும் ஏசியை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. புயலுக்கு நடுவே நாற்பது மேசை உள்ள அறையை நடத்த வேண்டிய ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

இன்னொரு குழப்பம், இது மன்னிக்க முடியாதது. சர்வர் என்றாலே அது பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கட்டுப்பாட்டு அறைக்கு வைக்கும் சர்வர் பெரும்பாலும் அதே கட்டடத்தில், பக்கத்து அறையில், பூட்டிய ரேக்கில் இருக்கும். களத்துக்குப் போனால் அதே லாரியில் கூடவே வரும். கப்பல் என்றால் கப்பலுக்குள்ளேயே. அறைக்கும் ரேக்குக்கும் நடுவே இருபது மீட்டர் வயர்; அதற்கும் இணையாக இன்னொரு வயர். கடலூரில் எந்தப் புயலும் இதுவரை ஒரு கட்டடத்துக்கு உள்ளே புகுந்து சுவருக்குள் ஓடும் வயரைத் தேடி அறுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

வெள்ளம் புகுந்திருக்கிறது, அது வேறு கதை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த வாரத்துக்குப் பிறகு ஓர் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேசைக்கு அடியில், தரையில், வரிசையாகச் சிபியுக்கள். முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. ஒவ்வொன்றையும் திறந்தபோது உள்ளே வண்டல். ‘முக்கியமான ஃபைல் எல்லாம் எதில் இருக்கு?’ என்று கேட்டேன். ஒவ்வொருவரும் அவரவர் பெட்டியைக் காட்டினார்கள். சி டிரைவில், டெஸ்க்டாப்பில், ‘நியூ ஃபோல்டர் (3)’ என்ற பெயரில். அதே கட்டடத்தின் மாடியில் ஒரு சின்ன சர்வர் இருந்தது. அது நனையக்கூட இல்லை. அதில் யாரும் எதையும் வைக்கவில்லை. சொந்தப் பெட்டியில் வைத்தால்தான் பத்திரம் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் ஐயா பதினாறு பக்கங்களில் தத்துவமாக்கியிருக்கிறார்.

அடுத்து அவர் கடலூர் வரலாற்றில் கை வைத்தார். 1783 ஜூனில் இங்கே ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையை இழுத்தார். இரு நாடுகளும் அந்த ஜனவரியிலேயே பூர்வாங்கச் சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. செய்தி வந்து சேராததால் இங்கே ரத்தம் ஓடியது. ‘பார்த்தீர்களா, தொலைவில் உள்ள தலைமையை நம்பியிருந்தால் இதுதான் கதி’ என்றார். கைதட்டல்.

உண்மையில் நடந்தது என்ன? கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியே ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட், கடலில் பிரெஞ்சு சஃப்ரனும் ஆங்கிலேய ஹியூஸும். ஜூன் 13ஆம் தேதித் தாக்குதலில் மட்டும் ஆங்கிலேயர் தரப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். ஜூன் 20இல் கடற்போர். மாதக் கடைசியில் சமாதானச் செய்தி வந்தது, துப்பாக்கிகள் ஓய்ந்தன. இவர்கள் எல்லோரிடமும் ஆணை இருந்தது. அவரவர் பெட்டியில், அவரவர் கைவசம், பல மாதம் பழையதாக. தலைமையை நம்பியதால் அவர்கள் சாகவில்லை. காலாவதியான நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதுவே நிஜம் என்று நம்பியதால் செத்தார்கள். டெஸ்க்டாப் என்பது அதுதானே ஐயா! நேற்று மாலை சேமித்த வரைபடம் ஒருவர் பெட்டியில், இன்று காலை திருத்தியது இன்னொருவர் பெட்டியில், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்று. நீங்கள் காட்டிய உதாரணம் நீங்கள் நின்ற கிளையையே வெட்டுகிறது.

இன்றைய இந்தியக் கடற்படை இதைப் புரிந்துகொண்டதால்தான் 2014இல் குருகிராமில் ஐமேக் என்னும் தகவல் மையத்தைத் திறந்து, கடற்படையும் கடலோரக் காவல்படையுமாக 51 இடங்களை ஒரே வலையில் கட்டியது. கடலில் எந்தக் கப்பல் எங்கே என்ற படம் ஒன்று; பார்க்கும் கண்கள் பல. ஒவ்வொருவரும் தனித்தனிக் கடல் வரைந்துகொள்ளும் வேலை இல்லை.

நம் ஊர்த் துறைமுகத்தில் இதைவிட எளிய பாடம் ஒன்று தொங்குகிறது. கடலூர் முதுநகரில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று. அந்தக் கூண்டுக்குப் புயலைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. சென்னை வானிலை மையம் சொன்ன எண்ணைக் காட்டும், இறக்கச் சொன்னால் இறங்கும். அதைத் திருடிக்கொண்டு போனால் திருடனுக்குக் கிடைப்பது மூங்கிலும் கயிறும். தலைமுறை தலைமுறையாக மீனவர்கள் அதைப் பார்த்துத்தான் படகைக் கரையேற்றினார்கள். கூண்டு தனக்கென்று ஒரு கருத்து வைத்துக்கொள்ளவில்லை என்று யாரும் அதை அவமதிக்கவில்லை.

வயரை நம்பாத ஐயா அன்று சிதம்பரத்துக்குச் சோழன் எக்ஸ்பிரஸில் வந்ததாக மேடையிலேயே சொன்னார். அந்த ரயிலுக்கு முன்பதிவு செய்யும் கவுண்ட்டரில் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தது என்ன? ‘டம்ப் டெர்மினல்’ என்று ரயில்வேக்காரர்களே அழைத்த ஊமைப் பெட்டி. டிக்கெட் விவரம் சென்னை மையக் கணினியில். சிதம்பரம் கவுண்ட்டரில் இருப்பவர் கீழ் பெர்த் எத்தனை காலி என்பதைத் தன் பெட்டியில் சேமித்து வைத்திருந்தால் ஒரே பெர்த்தில் நான்கு பேர் படுத்திருப்பார்கள். லைன் போன நாட்களில் கவுண்ட்டர் முன் நின்று திட்டியிருக்கிறோம், உண்மை. ஆனால் அதற்காக ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக ஒரு சோழன் எக்ஸ்பிரஸ் பட்டியல் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இனி, அவர் தொடாமல் நழுவிய விஷயத்துக்கு வருகிறேன். பதினாறு பக்கங்களில் ‘பென்டிரைவ்’ என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதுவும் வசதி என்ற பட்டியலில்.

கடலூர் வாசகர்களுக்கு ஓர் ஊர்ப்பெயர் சொல்கிறேன்: குண்டு உப்பலவாடி. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது ஒரு விசித்திர ஒப்பந்தம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு. குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு சாலை இன்றும் இருக்கிறது. பாதுகாப்பு என்றால் சுவரும் சுவரைச் சுற்றிய தூரமும் என்று நினைத்த காலம் அது. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அதுவும் 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் விழுந்தது. ஐயாவின் பாதுகாப்புக் கொள்கை இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. ‘ஆப்ஸ் ரூமுக்குள் யார் நுழைய முடியும்? வாசலில் துப்பாக்கியோடு காவல் இருக்கிறதே’ என்று எழுதுகிறார், ஐந்தாம் பக்கத்தில்.

நுழையத் தேவையில்லை ஐயா. வெளியே போனால் போதும்.

2005இல் டெல்லியில் கடற்படை வார் ரூம் ரகசியங்கள் வெளியேறிய வழக்கு நினைவிருக்கிறதா? வாசலில் காவல் இல்லாமலா இருந்தது? போனது ஒரு பென்டிரைவில். மூன்று கடற்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2012இல் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தலைமையகக் கணினிகளில் புழு புகுந்த செய்தி நாளேடுகளில் வந்தது. அவை இணையத்தோடு இணைக்கப்படாத தனிக் கணினிகள். ஐயா மெச்சும் அதே ‘தனித்து நிற்கும்’ டெஸ்க்டாப்புகள். புழு என்ன செய்தது? பென்டிரைவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரைத் திறந்து கோப்புகளை அதில் பதுக்கியது. பிறகு அந்த பென்டிரைவை யாரோ இணையம் உள்ள கணினியில் செருகியதும் கோப்புகளைச் சீன முகவரிகளுக்கு அனுப்பியது. வயர் இல்லாத இடத்தில் மனிதனையே வயராக்கிக்கொண்டது.

அமெரிக்காவிலும் அதே கதை. 2008இல் மத்தியக் கிழக்கில் ஒரு ராணுவத் தளத்தில் செருகிய ஒரே ஒரு பென்டிரைவிலிருந்து பரவிய புழுவை ஒழிக்க பென்டகனுக்கு ஏறத்தாழ பதினான்கு மாதம் பிடித்தது. பென்டிரைவுக்கே தடை போட்டார்கள். தடை போட்டபின் என்ன ஆனது? ஈராக்கில் இருந்த அமெரிக்க ராணுவ வீரர் மேனிங், பாடகி லேடி காகாவின் பெயர் எழுதிய சிடியில் லட்சக்கணக்கான ஆவணங்களைப் பதிந்து எடுத்துப் போனார். மேசையில் சிடி எழுதும் கருவி இருந்தது, எழுதினார். அவ்வளவுதான். சுவரைத் தாண்டியவர் யாருமில்லை.

நம் தமிழ்நாட்டிலேயே வேண்டுமா? 2019 அக்டோபர், கூடங்குளம் அணுமின் நிலையம். முதல் நாள் ‘அப்படி எதுவும் இல்லை’ என்ற மறுப்பு. மறுநாளே, ஆமாம், ஒரு கணினியில் தீநிரல் இருந்தது, அது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒருவரின் கணினி, உலையின் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தொடர்பில்லை என்ற விளக்கம். உலை தப்பியது நல்லது. ஆனால் கதவு எது என்று கவனியுங்கள். ஒருவரின் சொந்த மேசை, ஒருவரின் சொந்தப் பெட்டி.

தின் கிளையண்டில் யுஎஸ்பி துளைகளை அடைக்கலாம். கீபோர்டு, மவுஸ் மட்டும் பேசும். பென்டிரைவைச் செருகினால் அது ஒரு பிளாஸ்டிக் துண்டு. டெஸ்க்டாப்பிலும் யுஎஸ்பி துளையை அடைக்கலாமே என்பார். அடைத்தவன் நான். பசையும் ஊற்றியிருக்கிறேன், மென்பொருளாலும் பூட்டியிருக்கிறேன். ஒரு வாரத்தில் யாராவது ஒரு பெரிய அதிகாரி, ‘எனக்கு மட்டும் திறந்து விடுப்பா, அவசரம்’ என்பார். நாற்பது பெட்டியில் நாற்பது பேர் நாற்பது விதமாகத் திறந்துவைத்திருப்பதை யார் போய்ப் பார்ப்பது?

அப்புறம், உள்ளே யார் நுழைய முடியும் என்ற கேள்வி. ஐயா, நான் நுழைவேன். நான்தான் நுழைந்துகொண்டே இருந்திருக்கிறேன். ராணுவ அறைக்குள் இல்லை, மற்ற அலுவலகங்களுக்குள். ஆனால் எந்த அறையிலும் பெட்டி கெட்டால் என்னைப் போன்ற ஒருவன் வந்தாக வேண்டும். டீ கொண்டுவரும் பையனுக்குக்கூட வாசலில் சோதனை உண்டு. சர்வீஸ்காரன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ‘கடையில வச்சுப் பார்க்கணும் சார்’ என்று சொன்னால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். எத்தனை அலுவலகங்களின் வயிறு என் டிவிஎஸ் 50 முன்பக்கப் பையில் பாரதி சாலையில் பயணம் செய்திருக்கிறது தெரியுமா? நான் யோக்கியன் என்பது அவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், அவர்களின் ஏற்பாடு அல்ல. தின் கிளையண்ட் கெட்டால் அதை எடுத்துத் தெருவிலேயே போடலாம். எடுத்தவனுக்கு ஐநூறு ரூபாய் இரும்புக்கடை லாபம்.

இங்கேதான் அந்தச் சிதம்பர ரகசிய நகைச்சுவைக்கு நான் ஏன் சிரித்தேன் என்பது வருகிறது. பொன்னம்பலத்தில் திரையை விலக்கினால் அங்கே உருவம் இல்லை, தங்க வில்வ மாலை தொங்கும் வெளிதான். அங்கே நின்று ‘ஒன்றுமில்லையே’ என்று ஏமாந்து திரும்புபவர்கள் உண்டு. ஒன்றுமில்லாததுதான் விஷயம் என்று தெரிந்தவர்களும் உண்டு. சிதம்பரத்திலேயே நின்றுகொண்டு முதல் வகையில் சேர்ந்துவிட்டாரே என்பதுதான் எனக்குச் சிரிப்பு.

2001 ஏப்ரல் முதல் தேதி, ஹைனான் தீவு. சீனப் போர்விமானத்தோடு மோதிச் சேதமான அமெரிக்க உளவு விமானம் ஒன்று வேறு வழியில்லாமல் சீனத் தளத்திலேயே இறங்கியது. உள்ளே 24 பேர். இறங்குவதற்குள்ளும் இறங்கிய பிறகும் கிடைத்த நிமிடங்களில் அவர்கள் கோடரியால் கருவிகளை உடைத்தார்கள், காகிதங்களைக் கிழித்தார்கள், சூடான காபியைக்கூடக் கருவிகள்மேல் ஊற்றினார்கள். எல்லாவற்றையும் அழித்து முடிக்க முடியவில்லை. உலகின் மிக வலிமையான ராணுவத்தின் கடைசிப் பாதுகாப்பு காபிப் பாத்திரமாக இருந்தது. உள்ளே ஒன்றும் வைக்காத பெட்டியை அழிக்கக் காபி தேவையில்லை, அணைத்தால் போதும்.

சர்வரையும் பிடித்தால் என்பாரா? ஒன்றை அழிப்பதும் நாற்பதை அழிப்பதும் ஒன்றா?

இந்த இடத்தில் அவருடைய வலுவான வாதத்தைச் சொல்லாமல் தாண்டினால் நானும் அவரைப் போலாகிவிடுவேன். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே அடியில் போய்விடுமே என்கிறார். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையைக் காட்டுகிறார். 2022 நவம்பர் 23 அன்று சர்வர்கள் முடக்கப்பட்டு, இரண்டு வாரம் போல மருத்துவர்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். உண்மைதான். ஆனால் எய்ம்ஸ் தின் கிளையண்ட் வைத்த இடம் என்று அவருக்கு யார் சொன்னது? அங்கே ஆயிரக்கணக்கில் இருந்தவை டெஸ்க்டாப்புகள். வலையைச் சரியாகப் பிரிக்காததுதான் காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதாவது மையமும் இருந்தது, மேசைதோறும் ஓட்டையும் இருந்தது. இரண்டின் கெடுதலும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. டெஸ்க்டாப் வைத்த மருத்துவமனை வீழ்ந்ததை டெஸ்க்டாப்புக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்.

நான் ஓர் உதாரணம் தருகிறேன். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்ய என்ன வழி? பெரும்பாலானவற்றுக்கு ஆள் போய், ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. அன்று என் தொழில் சகோதரர்கள் உலகெங்கும் தூங்கவில்லை. சர்வரில் உள்ள ஒரே பிம்பத்திலிருந்து ஓடும் அறையாக இருந்தால், நேற்றைய நல்ல பிம்பத்துக்கு ஒரே இடத்தில் திரும்பியிருக்கலாம்.

மாயா ஓஎஸ் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸை விட்டு உபுண்டு அடிப்படையிலான உள்நாட்டு இயங்குதளத்துக்கு மாற முடிவு செய்தது, நல்ல முடிவு. ஆனால் ‘மாயா வந்துவிட்டது, இனி டெஸ்க்டாப்பே போதும்’ என்பது வீட்டுக்கு நல்ல பூட்டு வாங்கிவிட்டதால் நகையைத் திண்ணையில் வைக்கலாம் என்பது போன்ற பேச்சு. எந்த இயங்குதளமும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்பவனைத் தடுக்காது.

கடைசியாக, வீரனின் மானம். ‘தன் பெட்டி தன் கையில் இல்லாத வீரன், துப்பாக்கி இல்லாத வீரன்’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் மெட்ராஸ் ரெஜிமெண்டிலிருந்து வந்த ஒரு முன்னாள் ஹவில்தார் இருக்கிறார். இந்த வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். ‘துப்பாக்கிய எவன்டா தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறான்? டூட்டி முடிஞ்சா கோத்துல ஒப்படைக்கணும், நம்பர் பார்த்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். ஒரு ரவை குறைஞ்சா யூனிட்டே தூங்காது’ என்றார். கோத் என்றால் ஆயுதக் கிடங்கு. துப்பாக்கியையே ஒரே அறையில் பூட்டி, எண்ணி, எழுதி வைக்கும் படைக்குத் தகவலை மட்டும் அவரவர் மேசை இழுப்பறையில் போட்டுவைக்கச் சொல்வது எந்த ராணுவ மரபு? ரவைக்கு இருக்கும் மரியாதை ரகசியத்துக்கு இல்லையா?

ஐயா கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பதினாறு பக்கங்களில் அதைத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் சர்வரில் என்றால் சர்வரின் சாவி யார் கையில்? 2013இல் அமெரிக்க உளவு அமைப்பின் ரகசியங்களை ஸ்னோடன் எடுத்துப் போனது மேசையில் உட்கார்ந்த ஒரு சாதாரண ஊழியராக அல்ல. அவர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். எல்லாக் கதவுக்கும் சாவி வைத்திருந்தவர். அதன்பிறகுதான் அமெரிக்க உளவு அமைப்பு, முக்கிய வேலைகளுக்கு இருவர் சேர்ந்தே கை வைக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. நம் ஊர்க் கோயில்களில் உண்டியலை ஒருவர் தனியாகத் திறப்பதில்லை. அதிகாரி, ஊழியர், எண்ணுபவர் என்று கூட்டமாக நின்றுதான் திறக்கிறார்கள். தின் கிளையண்ட் திட்டத்தின் உண்மையான பலவீனம் இங்கே இருக்கிறது. இதற்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் நானே அதை எதிர்ப்பேன்.

அதேபோல் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய லைசென்ஸ் கட்டணம். டெஸ்க்டாப்பை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. இதில் சர்வர் மென்பொருளுக்கும் மேசைக்கு இவ்வளவு என்றும் கேட்பார்கள், ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொண்டால் விலையை அவர்கள்தான் சொல்வார்கள். செயற்கைக்கோள் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் மேசைகளுக்கு இந்தச் சின்னப் பெட்டி போதாது. அங்கே இரண்டொரு வலுவான கணினிகள் இருக்கத்தான் வேண்டும். இதையெல்லாம் அவர் எழுதியிருந்தால் நான் பேருந்தில் தலையாட்டிக்கொண்டு வந்திருப்பேன். அவர் வீரத்தைப் பற்றி எழுதினார்.

அந்தக் கூட்டத்தில் பேச்சு தொடங்கக் கால் மணி நேரம் தாமதமானது. ஏன் என்று பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, கூடத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் பையனிடம் கொடுத்தார். பையன் செருகினான். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. ‘சார், இதுல ஷார்ட்கட் வைரஸ் இருக்கு சார்’ என்றான் மெதுவாக. ஐயா குனிந்து திரையைப் பார்த்தார்.

‘அப்படியா? பரவாயில்லை தம்பி, என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் திறக்குது. நீ கிளிக் பண்ணு.’